பையன் அடிக்கிறான் என்று கூட்டிப்போனோம், வீட்டில் இருக்கிற எல்லோரையும் உட்காரவைத்தார்கள்

திருச்சியில் இருக்கிற ஒரு தனியார் குழந்தை மனநல மையத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. என் பையன் சின்னவன், அவன் எங்கே காட்டிக்கொண்டான், எந்த டாக்டரிடம் போனான் என்பது அவன் பெரியவனான பிறகு அவனே சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் இந்த மாதிரி இடத்துக்குப் போனால் உள்ளே என்ன நடக்கும், எவ்வளவு ஆகும், எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதை வேண்டாம் என்று சொல்லலாம் என்று தமிழில் தேடியபோது எனக்கு உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையை மட்டும் கொண்டுபோய் உட்காரவைத்து "சரிபண்ணிக் கொடுங்க" என்று கேட்கப் போகிறவர்களுக்குக் காசு தண்டம். பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்கிற பெரியவர்கள் அத்தனை பேரும் போகத் தயார் என்றால் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் தகும்.

எங்கள் வீடு புதுக்கோட்டை பக்கம். வீட்டுக்காரர் குவைத்தில் வேலை பார்க்கிறார், நானும் இரண்டு பிள்ளைகளும் மாமனார் மாமியாரோடு இருக்கிறோம். மூத்தவனுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. தங்கச்சிப் பாப்பா இப்போதுதான் நடக்கிறாள். மூத்தவன் போன வருஷத்திலிருந்து கை நீட்ட ஆரம்பித்தான். முதலில் பாப்பாவைத் தள்ளிவிடுவது, அப்புறம் என்னைக் கடிப்பது, கடைசியில் பள்ளிக்கூடத்தில் ஒரு பையனை பென்சிலால் குத்திவிட்டான். கூப்பிட்டு அனுப்பினார்கள். ஸ்டாஃப் ரூமில் நிற்கவைத்து ஒரு டீச்சர் சொன்னது: "அப்பா கூட இல்லாத புள்ளைங்க இப்படித்தான் வரும்." தெருவில், கல்யாண வீட்டில், உறவுக்காரர்கள் போனில் என்று எல்லா இடத்திலும் இதே பேச்சு. அப்பா இருந்தால் பயம் இருக்கும், பயம் இருந்தால் கை நீட்ட மாட்டான், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. குவைத்திலிருந்து ஆள் வந்தால்தான் பையன் திருந்துவான் என்றால் நான் என்ன செய்வது? வீட்டுக் கடன் இருக்கிறது, அவர் வர முடியாது. இந்த ஒரு கேள்வியோடுதான் நான் அந்த மையத்துக்குப் போனேன்.

போனில் முன்பதிவு. பத்து நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. முதல் தடவைக்கு 1,200 ரூபாய், அதற்கப்புறம் ஒவ்வொரு செஷனுக்கும் 800. ரசீது கேட்காமலே கொடுக்கிறார்கள், அது நல்ல விஷயம். ஒரு முக்கியமான தகவல், எந்த ஊரில் எந்த மையத்துக்குப் போனாலும் இதைக் கேளுங்கள்: பார்க்கப்போகிறவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொண்டால் அவருக்கு ஆர்.சி.ஐ. பதிவு எண் இருக்க வேண்டும், அதாவது இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு. ஏதோ ஆன்லைன் சான்றிதழ் வாங்கிக்கொண்டு 'சைல்ட் கவுன்சலர்' என்று போர்டு மாட்டியிருப்பவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இங்கே எங்களைப் பார்த்த மேடத்தின் பதிவு எண் அறைச் சுவரிலேயே மாட்டியிருந்தது. குழந்தை மனநல டாக்டர் ஒருவர் வாரத்தில் சில நாள் வருகிறார், மருந்து தேவைப்பட்டால் அவர்தான் எழுதுவார். எங்களுக்கு மருந்து எழுதவில்லை.

முதல் நாள் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். பையனைப் பக்கத்து அறையில் பொம்மைகளோடு விட்டுவிட்டு ஒருவர் அவனோடு விளையாடிக்கொண்டே கவனித்தார். எங்களிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள், எஸ்.டி.க்யூ. என்று பெயர், 25 வரிகள், உலகம் முழுக்கப் பயன்படுத்துவது, தமிழிலும் இருக்கிறது. கோபம் அடிக்கடி வருமா, மற்ற பிள்ளைகளோடு சண்டை போடுவானா என்பதோடு சேர்த்து, யாருக்காவது அடிபட்டால் உதவப் போவானா, சின்னப் பிள்ளைகளிடம் அன்பாக இருப்பானா என்றும் கேட்டிருந்தது. அந்த வரிகளில் பேனா நின்றுவிட்டது எனக்கு. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது இவன்தான் தன் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினான். ஒரு வருஷமாக அவன் செய்த தப்பை மட்டுமே எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம், இதை யாருமே பேசவில்லை. அப்புறம் காது சரியாகக் கேட்கிறதா, பேச்சு வயசுக்குத் தகுந்த மாதிரி இருக்கிறதா, தூக்கம் எப்படி, குறட்டை விடுவானா என்றெல்லாம் கேட்டார்கள். பேச்சு வராத பிள்ளையும் சரியாகத் தூங்காத பிள்ளையும் கையால்தான் பேசும், அப்படி ஒன்றும் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றார் மேடம். இந்த ஒரு விஷயத்துக்காகவே முதல் நாள் ஃபீஸ் கொடுக்கலாம்.

அதற்கப்புறம் நான் எதிர்பார்க்காத கேள்விகள். வீட்டில் யார் யார், யார் எந்த அறையில் படுக்கிறார்கள், பையனுக்குச் சாப்பாடு ஊட்டுவது யார், அவன் ஒன்று கேட்டு நீங்கள் இல்லை என்றால் அடுத்து யாரிடம் போவான், அவர் என்ன சொல்வார், அப்பா போன் எப்போது வரும், வந்தால் முதலில் யார் பேசுவது. ஒரு வெள்ளைத் தாளில் வட்டமும் சதுரமும் போட்டு எங்கள் குடும்பத்தை வரைந்தார். குவைத் ஆளுக்கும் ஒரு சதுரம். பையனிலிருந்து ஒவ்வொருவருக்கும் கோடு. "இல்லை என்று சொல்லப்பட்டது எங்கெல்லாம் ஆமாம் ஆகிறது" என்று கேட்டுக் கேட்டுச் சிவப்புப் பேனாவால் குறித்தார். தாள் முழுக்கச் சிவப்பு.

அப்போதுதான் என் கேள்வியைக் கேட்டேன். அப்பா இல்லாததுதான் காரணமா? மேடம் நேரடியாகவே பதில் சொன்னார். அப்பா இல்லாத வீடு, அம்மா இல்லாத வீடு, தாத்தா பாட்டி இருக்கிற வீடு, இல்லாத வீடு என்று ஆள் கணக்கை மட்டும் வைத்து ஒரு பிள்ளை அடிக்குமா அடிக்காதா என்று சொல்ல முடியாது, அந்த வீட்டுக்குள் தினமும் என்ன நடக்கிறது என்பதுதான் பெரிய காரணம் என்றார். அதன் பிறகு நானும் உட்கார்ந்து நிறையப் படித்தேன், அவர் சொன்னது சும்மா ஆறுதலுக்குச் சொன்னது இல்லை. அமெரிக்காவில் 1998 முதல் 2000 வரை பெரிய நகரங்களில் பிறந்த சுமார் 4,900 குழந்தைகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது, அதில் பாதிக்கு மேல், நிறையவே, கல்யாணம் ஆகாத பெற்றோரின் பிள்ளைகள். அந்தத் தகவல்களை வைத்து ஆராய்ந்தவர்கள் கண்டதில் முக்கியமானது, வீட்டில் துணையாக வருகிற ஆள் மாறிக்கொண்டே இருப்பது, அதாவது நிலையில்லாமை, பிள்ளையின் முரட்டுத்தனத்தோடு சேர்ந்தே போகிறது என்பது. வர்ஜீனியாவில் மேவிஸ் ஹெதரிங்டன் என்ற உளவியலாளர் விவாகரத்தான குடும்பங்களைப் பல பத்தாண்டுகள் கவனித்தார். பெற்றோர் பிரிந்த பிள்ளைகளில் சுமார் 25 சதவீதம் பேருக்குப் பெரிய சிக்கல்கள் இருந்தன, பிரியாத குடும்பத்துப் பிள்ளைகளில் அது சுமார் 10 சதவீதம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆபத்து கூடுகிறது, அது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாலில் மூன்று பிள்ளைகள் நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறார்கள். தனியாக வளர்க்கிற அம்மாவிடம் போய் "உன் புள்ள இப்படித்தான் வரும்" என்று சொல்கிறவர்கள் அந்த மூன்று பிள்ளைகளைப் பார்ப்பதே இல்லை. காசு இல்லாமை, அம்மாவுக்கு வருகிற அசதி, மனச்சோர்வு, பெரியவர்களுக்கிடையில் ஓயாத சண்டை, இவையெல்லாம் தனியாக வளர்க்கிற வீட்டில் அதிகமாக வந்து சேர்கின்றன, பாதி பாரம் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பாரத்தில் ஒரு கை கொடுப்பதை விட்டுவிட்டுப் பழி சொல்கிறோம்.

கூட்டுக் குடும்பம் என்றால் தானாகவே நல்லது என்கிற நம்பிக்கையும் நம்மிடம் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது, மாமியார் இல்லாவிட்டால் பாப்பாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. ஆனால் நாலு பெரியவர்கள் இருக்கிற வீட்டில் நாலு சட்டம் இருந்தால், எந்தச் சட்டம் எப்போது செல்லும் என்று கண்டுபிடிக்கிற வேலையைத்தான் பிள்ளை நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கும்.

சரி, வீட்டில் எழுதிவரச் சொன்ன குறிப்புக்கு வருகிறேன், இந்தச் சேவையின் உயிரே அதுதான். ஒரு நோட்டில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் அவன் அடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, இரண்டாவதில் அவன் என்ன செய்தான், மூன்றாவதில் அதன் பிறகு என்ன நடந்தது. 'கோபப்பட்டான்', 'அடம் பிடித்தான்' என்று எழுதக் கூடாது, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். நான் எழுதியதில் ஒன்றை அப்படியே தருகிறேன்.

செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறு மணி வாக்கில். சார்ஜில் கிடந்த தாத்தா போனை எடுத்தான். நான் அடுப்படியிலிருந்தே "போனை வை" என்றேன். வைக்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். வைக்கவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து பிடுங்கினேன். இது முதல் கட்டம். என் முன்கையைக் கடித்தான், சார்ஜர் வயரை இழுத்து எறிந்தான். இது இரண்டாவது. அத்தை ஓடிவந்து "ஒரு போனுக்குப் புள்ளைய ஏன் இந்தப் பாடு படுத்துறே" என்று தூக்கிக்கொண்டார், மாமா "அஞ்சு நிமிஷம் பாத்துட்டுக் குடுத்துரணும்" என்று போனைக் கையில் கொடுத்தார், அழுகை நின்றது, நான் அடுப்படிக்குத் திரும்பினேன். இது மூன்றாவது.

மேடம் மூன்றாவது கட்டத்தை மட்டும் வட்டம் போட்டு, மாமா அத்தை இருவரையும் வைத்துக்கொண்டே கேட்டார்: கடித்ததால் தம்பிக்கு என்ன கிடைச்சது? போன். தாத்தாவுக்கு? அழுகை நின்னுச்சு. அப்பாயிக்கு? பேரன் தோளில் சாய்ந்தான். அம்மாவுக்கு? சண்டை முடிஞ்சு தோசை கருகாமல் தப்பிச்சது. எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது, அதனால் நாளைக்கும் இதே நடக்கும். யாரையும் குற்றவாளியாக்காமல் இவ்வளவு தெளிவாக ஒருவர் எங்கள் வீட்டை எங்களுக்குக் காட்டியது அதுதான் முதல் தடவை. மாமா வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவின் ஓரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் என்பவர் முரட்டுப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, அங்கே நிமிஷத்துக்கு நிமிஷம் நடப்பதைக் குறித்துவைத்துக் கண்டது. 1982-ல் அதைக் கோட்பாடாக எழுதினார். பெரியவர் ஒன்று சொல்கிறார், பிள்ளை எதிர்க்கிறது, பெரியவர் குரலை உயர்த்துகிறார், பிள்ளை இன்னும் உயர்த்துகிறது, கடைசியில் யாரோ ஒருவர் விட்டுக்கொடுக்கிறார். விட்டுக்கொடுத்தவருக்கு அந்த நொடியில் நிம்மதி, ஜெயித்தவருக்கு அடுத்த தடவை நேராக உச்சத்திலிருந்தே ஆரம்பிக்கலாம் என்கிற பாடம். சில நாள் பிள்ளை ஜெயிக்கும், சில நாள் முதுகில் ஒன்று வைத்துப் பெரியவர் ஜெயிப்பார். எப்படியானாலும் அந்த வீட்டில் பலம்தான் ஜெயிக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது, பள்ளிக்கூடத்துக்கும் அதையே எடுத்துக்கொண்டு போகிறது. அப்பா ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடக்கும்.

அடிக்கிற பழக்கத்தைப் பிள்ளை எங்கேயோ புதிதாகக் கற்றுக்கொள்கிறது என்று நான் நினைத்திருந்தேன், போனும் கார்ட்டூனும்தான் காரணம் என்று. கனடாவில் ரிச்சர்ட் ட்ராம்ப்ளே என்பவர் பிறந்ததிலிருந்தே பிள்ளைகளைப் பின்தொடர்ந்து காட்டியது வேறு. அடிப்பது, கடிப்பது, தள்ளுவது எல்லாம் ஒரு வயதுக்குள்ளேயே தொடங்கி, இரண்டு மூன்று வயதுவாக்கில் உச்சத்துக்குப் போய், அப்புறம் பெரும்பாலான பிள்ளைகளிடம் குறைந்துகொண்டே வருகிறது. பிள்ளை கற்றுக்கொள்வது அடிக்காமல் இருப்பதைத்தான். என் பையனுக்கு அந்தப் பாடம் பாதியில் நிற்கிறது, மீதியைச் சொல்லிக்கொடுத்தால் வரும் என்று மேடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷமாக என் பிள்ளையை 'ரவுடி' என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

பயிற்சி என்று அவர்கள் சொல்வது முழுக்கப் பெரியவர்களுக்குத்தான். ஒரு அறையில் நானும் பையனும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம். முதல் சில செஷன் வெறும் விளையாட்டு. அவன் சொல்கிற விளையாட்டை அவன் சொல்கிற மாதிரி விளையாட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது, திருத்தக் கூடாது, அவன் செய்வதைப் பார்த்து வாயால் சொல்ல வேண்டும், நல்லது செய்தால் எது நல்லது என்று பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். 'குட் பாய்' போதாது. 'பாப்பா கையிலிருந்து பிடுங்காமல் கேட்டு வாங்கினியே, அது ரொம்ப நல்லாருந்துச்சு' என்று முழுசாகச் சொல்ல வேண்டும். எனக்கு இது எளிதாக வந்தது. மாமாவுக்கு வரவில்லை, பேரனை வாய் நிறையப் பாராட்டினால் கண் பட்டுவிடும் என்கிற தலைமுறை. அவருக்காக மேடம், தோளில் தட்டி "சரிடா" என்று மட்டும் சொன்னால் போதும் தாத்தா என்றார். அதை மாமா இன்றுவரை செய்கிறார்.

அடுத்தது சொல்கிற விதம். அடுப்படியிலிருந்து கத்தக் கூடாது. பக்கத்தில் போய், அவன் உயரத்துக்குக் குனிந்து, ஒரே ஒரு வேலையை, சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ண வேண்டும். செய்தால் உடனே பாராட்டு. செய்யாவிட்டால் ஒரே ஒரு எச்சரிக்கை, அதற்கப்புறம் சொன்னது நடக்க வேண்டும். கை நீட்டினால் திண்ணைப் பக்கம் ஒரு நாற்காலியில் சில நிமிஷம் தனியாக உட்காரவைப்பது, திட்டு இல்லை, உபதேசம் இல்லை, யாரும் போய்க் கொஞ்சவும் கூடாது. நேரம் முடிந்ததும் பழையபடி வேலைக்கு. ஒரு மணி நேரம் உட்காரவைத்தாலும் மூன்று நிமிஷம் உட்காரவைத்தாலும் பலன் ஒன்றுதான், நீளம் கூட்டினால் வன்மம்தான் கூடும் என்றார்.

ஒரு எச்சரிக்கை, இதை அங்கே முதலிலேயே சொல்லிவிட்டார்கள், நீங்களும் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். அழுதால் கிடைத்துக்கொண்டிருந்தது கிடைக்காமல் போனதும் பிள்ளை முதலில் இன்னும் பலமாக முயன்று பார்க்கும். எங்கள் வீட்டில் அந்த முதல் வாரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்க்கிற அளவுக்குச் சத்தம். அத்தை கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் வெளியே வரவில்லை. அந்த ஒரு வாரத்தை அவர் தாங்கிக்கொண்டதுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று நான் நினைக்கிறேன். பாதியில் போய்த் தூக்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கத்தினால் போதும் என்பதைத்தான் அவன் கற்றிருப்பான்.

அடி விஷயத்தில்தான் மாமாவோடு பெரிய விவாதம் நடந்தது. நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான், நம் வீடுகளில் எல்லோரும் கேட்பது. மேடம் மழுப்பவில்லை. 2005-ல் இந்தியா, சீனா, கென்யா, இத்தாலி, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து என்று 6 நாடுகளில் அம்மாக்களையும் பிள்ளைகளையும் கேட்டு ஒரு ஆய்வு வந்தது. அடிப்பது சகஜம் என்று எல்லோரும் நினைக்கிற ஊரில் அடி வாங்குவதற்கும் முரட்டுத்தனத்துக்கும் உள்ள தொடர்பு கொஞ்சம் பலவீனமாக இருந்தது. அந்த அளவில் மாமா சொன்னது சரி. ஆனால் அங்கேயும் அடி அதிகமானால் பிள்ளையின் முரட்டுத்தனமும் அதிகம் என்கிற திசை மாறவில்லை. 2016-ல் சுமார் 1,60,000 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோதும் அதே முடிவுதான். பள்ளிக்கூடத்தில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு 2009-லேயே தடை செய்துவிட்டது, வீட்டுக்குள் அந்தச் சட்டம் வராது, நாம்தான் விட வேண்டும். மாமா அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் அடிப்பதை நிறுத்தியிருக்கிறார். அது போதும் எனக்கு.

வீட்டுக்காரரையும் விடவில்லை. வீடியோ காலில் சேர்த்துக்கொண்டார்கள். ராத்திரி அவர் போன் பண்ணினதும் எங்கள் வீட்டில் நடப்பது என்னவென்றால், அன்றைக்குப் பையன் செய்த தப்புகளை நான் வரிசையாகச் சொல்வேன், அவர் "போனை அவன்கிட்ட குடு" என்று வாங்கி அங்கிருந்து மிரட்டுவார். பையனுக்கு அப்பா என்றால் தினமும் ஒன்பது மணிக்கு வருகிற ஒரு திட்டு. மேடம் இதை முழுக்க நிறுத்தச் சொன்னார். இப்போது அவர் முதலில் பையனோடுதான் பேசுகிறார், அன்றைக்கு நடந்த நல்லது ஒன்றை நான் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கிறேன், அதைப் பற்றி அவர் கேட்பார். ஒரு நாள் அவன் ஹோம்வொர்க் நோட்டை போன் கேமரா முன்னால் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான். குவைத்திலிருந்தும் அப்பாவாக இருக்க முடியும், அதைச் சொல்லித்தர ஒரு ஆள் தேவைப்பட்டது.

பலன்? சில மாதம் ஆகிவிட்டது. கடிப்பது நின்றுவிட்டது. பாப்பாவைத் தள்ளுவது எப்போதாவது. பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் புகார் வருகிறது, ஆனால் தினமும் வருவதில்லை. வெளியூர் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் பழைய ஆட்டம் திரும்புகிறது, அங்கே இருபது பெரியவர்கள், இருபது சட்டம். முழுசாகச் சரியாகிவிட்டது என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

இப்போது குறைகள். காசு வாங்குகிற இடம், சொல்லித்தான் ஆக வேண்டும். வரவேற்பில் இருக்கும் பெண், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அந்த அடிக்கிற பையனா, ரெண்டாவது ரூம்" என்றார். பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேடத்திடம் சொன்னேன், வருத்தப்பட்டார், அடுத்த தடவையிலிருந்து டோக்கன் எண் மட்டும் கூப்பிட்டார்கள். இருந்தாலும் ஒரு குழந்தை மனநல மையத்தில் அப்படி ஒரு வார்த்தை வரவே கூடாது. இரண்டாவது, வீட்டுக்குக் கொடுக்கிற தாள்கள் எல்லாம் ஆங்கிலம். அத்தைக்கும் மாமாவுக்கும்தான் அந்தத் தாள் முக்கியமாகத் தேவை, அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் உட்கார்ந்து தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். திருச்சியில் மையம் நடத்திக்கொண்டு தமிழில் நாலு பக்கம் அச்சடிக்க முடியாதா? மூன்றாவது, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிற பயிற்சி) என்று ஒரு மாதப் பேக்கேஜை முன்பணம் கட்டி எடுக்கச் சொல்லி வரவேற்பிலேயே வற்புறுத்தினார்கள். மேடத்திடம் நேராகக் கேட்டபோது இவனுக்கு அது தேவையில்லை என்றார். அதனால் கவுண்ட்டரில் எதைச் சொன்னாலும் உள்ளே பார்த்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பணம் கட்டாதீர்கள். நேரமும் ஒரு பிரச்சினை, பெரும்பாலும் பகல் நேரம்தான், கூலி வேலைக்குப் போகிற பெற்றோர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

செலவு முடியாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஒன்றிய அரசின் 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில், பிள்ளைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்துக் கவனிக்கிற ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் மாவட்ட அளவில் இருக்கின்றன, டி.இ.ஐ.சி. என்று கேட்டால் அரசு ஆஸ்பத்திரியில் காட்டுவார்கள், 18 வயது வரை இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்களும் அரசு ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள். போனில் பேசினாலே போதும் என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, தமிழில் பேசலாம், காசு கிடையாது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் குடும்பத்தார் கூடவே தங்கிச் சிகிச்சை எடுக்கிற முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. எங்கே போனாலும் ஒன்றை மட்டும் பாருங்கள்: இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கிற நைஸ் என்ற அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 3 முதல் 11 வயது வரையிலான இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் பரிந்துரைப்பதில் பெற்றோருக்கான குழுப் பயிற்சி இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் என்று 10 முதல் 16 கூட்டங்கள். ஒரே செஷனில் சரிசெய்கிறேன் என்கிறவரிடமும், பிள்ளையை மட்டும் அனுப்புங்கள் பெற்றோர் வெளியே இருங்கள் என்கிறவரிடமும் போகாதீர்கள்.

இன்னொன்று, முக்கியமானது. வீட்டில் பெரியவர் ஒருவர் குடித்துவிட்டோ குடிக்காமலோ மனைவியை அடிக்கிறார், பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றால் இந்த நோட்டும் நாற்காலியும் வேலைக்கு ஆகாது. அங்கே முதலில் நிற்க வேண்டியது அந்த அடி. பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098, இரண்டும் இலவச எண்கள். காத்திருக்கும் ஹாலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் நிலைமை அப்படித்தான் இருந்தது, மேடம் அவருடைய பிள்ளைக்குப் பயிற்சி தொடங்காமல் முதலில் அந்த அம்மாவைப் பாதுகாப்பாக வைக்கிற வழியைத்தான் பேசினார் என்று அந்தப் பெண்ணே சொன்னார். அந்த மையத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

கடைசியாக, வளைகுடாவில் வீட்டுக்காரர் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். குவைத்தில் வெள்ளிக்கிழமை லீவு, அந்த ஊர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் நேரம் கேட்டு வாங்குங்கள், அவர் தொழுகை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் பார்த்து நேரத்தை ஒத்துக்கொண்டு லைனில் வரட்டும். மையத்தில் வைஃபை அடிக்கடி விட்டுவிடும், உங்கள் போன் டேட்டாவை வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள், நாற்காலி போதுமான அளவு போட்டுவைக்கச் சொல்லி முந்தின நாளே போன் செய்துவிடுங்கள்.